சால்வை போர்த்திய இசைத்தட்டு

டோக்கியோவில் ஓச்சானோமிஸு என்று ஒரு ரயில் நிலையம். இந்தப் பெயரைத் தடுக்காமல் சொல்வதற்கே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. 'தேநீருக்கான தண்ணீர்' என்று அர்த்தமாம். அந்தக் காலத்தில் இங்கிருந்த ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய்த்தான் ஷோகன் துரைக்கு டீ போட்டார்களாம். இப்போது ஊற்று இல்லை. ஷோகனும் இல்லை. கீழே பச்சைத் தண்ணீரோடு கண்டா ஆறு, அதன் கரையோரமாக ஒரு ரயில், ஆற்றைக் குறுக்கே தாண்டி இன்னொரு ரயில் என்று சினிமா செட் மாதிரி இருக்கிறது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சரிவில் இறங்கினால் இரண்டு பக்கமும் கிடார் கடைகள். ஒன்றிரண்டு இல்லை ஸார், தெரு முழுக்க! நம் ஊரில் நகைக்கடை வாசலில் நின்று பார்க்கிற மாதிரி, பையன்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மெய்ஜி பல்கலைக்கழகத்தைத் தாண்டி இன்னும் கீழே போனால் ஜிம்போச்சோ. பழைய புத்தகக் கடைகள் மட்டும் நூற்றுக்கு மேல் தேறும். அவற்றுக்கு நடுவே சோறும் கறிக்குழம்பும் விற்கிற கடைகள். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் ஸ்பூன் என்று சாப்பிட வசதியாக இருப்பதால்தான் இங்கே கறிக்குழம்பு பிரபலமானது என்று உள்ளூரில் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். நம்மால் முடியுமா? ரசம் சாதத்தோடு எந்தப் புத்தகத்தைப் படிப்பது?

நான் போனது கிடாருக்காக அல்ல, புத்தகத்துக்காகவும் அல்ல. இந்த ஓச்சானோமிஸுவில் டிஸ்க் யூனியன் என்ற கம்பெனி, ஜாஸ் இசைக்கென்றே தனியாக ஒரு கடை வைத்திருக்கிறது. பெயர் 'ஜாஸ் டோக்கியோ'. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் ஜாஸ் பைத்தியத்தைக் கேட்டாலும் இந்தக் கடையின் பெயரைச் சொல்லும்போது குரல் தழைந்துவிடும். திருப்பதி பெயரைச் சொல்கிற மாதிரி.

* * *

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். (தெரிந்தவர்கள் அடுத்த பாராவுக்குப் போய்விடலாம்.)

நம் கச்சேரியில் ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, பாடகர் நிரவல், கல்பனாஸ்வரம் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியதைப் பாடுகிறார் அல்லவா? நேற்றுப் பாடியது போல் இன்று பாடமாட்டார். ஜாஸ்காரர்களும் அப்படித்தான். ஒரு மெட்டை வாசித்துவிட்டு, பிறகு அதன் சுருதி அடுக்குகளின் மேல் ஆளுக்கு ஆள் அவரவர் கற்பனையை வாசிக்கிறார்கள். அதனால் ஒரே பாட்டை ஒரே நாளில் மூன்று தடவை பதிவு செய்தால் மூன்றும் வேறு வேறு.

இங்கேதான் வந்தது வினை. மூன்றும் வேறு என்றால் மூன்றையும் கேட்க வேண்டாமா? கேட்க வேண்டும் என்றால் மூன்றையும் வாங்க வேண்டாமா? சேகரிப்பு என்கிற வியாதி இந்த ஒரு கேள்வியில் தொற்றிக்கொள்கிறது.

கடைக்குள் நுழைந்தேன். சத்தம் கிடையாது. ஏதோ ஒரு சாக்ஸஃபோன் மெல்லிசாக ஒலிக்க, இருபது பேர் வரிசையாக நின்றுகொண்டு இசைத்தட்டுகளைப் புரட்டுகிறார்கள். 'டப்... டப்... டப்...' என்று ஒரே தாளத்தில் அட்டைகள் விழுகிற சத்தம். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பாங்க்கில் பழைய கேஷியர்கள் நோட்டு எண்ணுவார்களே, அந்த வேகம், அந்த முகபாவம்.

ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அட்டைக்குத் தனி மார்க், தட்டுக்குத் தனி மார்க். ஏ, பி, சி என்று. மூலையில் ஒரு மடிப்பு இருந்தாலும் எழுதிவிடுகிறார்கள். கீறல் இருந்தால் அது எந்தப் பாட்டில், எத்தனை தடவை 'டிக்' என்கும் என்பதுவரை எழுதியிருந்த ஒரு சீட்டைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் இவ்வளவு நேர்மையாக இருந்தால் நாட்டில் பாதி வழக்கு குறைந்துவிடும்.

ஜப்பானியத் தட்டுகளின் விசேஷம் 'ஓபி'. கிமோனோவின் மேல் இடுப்பில் கட்டுகிற பட்டைக்குத்தான் அந்தப் பெயர். அதே மாதிரி, இசைத்தட்டின் அட்டைக்கு இடது பக்கமாக ஒரு காகிதப் பட்டையைச் சுற்றிவிடுவார்கள். பாடகர் பெயர், விலை, இரண்டு வரி புகழ்மாலை எல்லாம் அதில் ஜப்பானிய மொழியில் இருக்கும். வாங்கியதும் கிழித்துப் போடவேண்டிய சமாசாரம்தான். ஆனால் அந்தப் பட்டை பத்திரமாக இருந்தால் தட்டின் விலையே வேறு! எனக்கு அதைப் பார்த்தால், மேடையில் பிரமுகருக்குப் போர்த்துகிற சால்வை ஞாபகம்தான் வந்தது. மனிதருக்கு இருக்கிற மதிப்பு ஒரு பங்கு, சால்வைக்கு ஒரு பங்கு.

* * *

சேகரிப்பவர்களில் இரண்டு ஜாதி உண்டு.

முதல் ஜாதிக்கு 'ஒரிஜினல்' வேண்டும். அதாவது முதன்முதலில் அச்சான தட்டு. நியூயார்க்கின் புளூ நோட் கம்பெனி 1950, 60-களில் வெளியிட்ட தட்டுகள்தான் இவர்களுக்குச் சிந்தாமணி. தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் கம்பெனியின் பழைய விலாசம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் வெறும் கறுப்பு வட்டம் இருக்குமே, அதில் காது மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்கள். அது தட்டை அச்சடித்த பிளாஸ்டிலைட் தொழிற்சாலையின் அடையாளம். அந்தக் காது இருந்தால் ஒரு விலை, காது இல்லாவிட்டால் வேறு விலை! இன்னொரு தகவல்: இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பதிவு செய்த ரூடி வான் கெல்டர், பகலில் மூக்குக்கண்ணாடிக்குக் கண் பரிசோதனை செய்கிறவர். 1959 வரைக்கும் அவருடைய ஸ்டூடியோ, நியூஜெர்ஸியில் அவர் அப்பா அம்மா வீட்டு ஹால்தான்.

இரண்டாவது ஜாதிக்கு 'எல்லாம்' வேண்டும். இவர்களுக்காகப் பிறந்தவைதான் 'பாக்ஸ் செட்' என்கிற பெட்டிகள். 1983-ல் அமெரிக்காவில் மொஸைக் என்ற சின்னக் கம்பெனி, பியானோ மேதை தெலோனியஸ் மங்க் புளூ நோட்டுக்காக வாசித்ததை எல்லாம் திரட்டி ஒரு பெட்டியாக வெளியிட்டது. நடத்தியவர்கள் மைக்கேல் கஸ்கூனாவும் சார்லி லூரியும். கடைகளில் கிடையாது, தபாலில்தான். இத்தனை பெட்டிதான் போடுவோம் என்று முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டார்கள். விற்றுத் தீர்ந்தால் தீர்ந்தது. பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த வழியில் பெட்டி கட்ட ஆரம்பித்தன.

இதில் ஜப்பான்காரர்கள் பல நேரம் அமெரிக்காவுக்கே முந்தி. 1965 டிசம்பரில் சிகாகோவில் பிளக்டு நிக்கல் என்ற கிளப்பில் மைல்ஸ் டேவிஸ் இரண்டு ராத்திரி வாசித்தார். அந்தக் கச்சேரிகள் 7 சி.டி. பெட்டியாக 1992-ல் முதலில் வந்தது ஜப்பானில். அமெரிக்காவில் 8 சி.டி.யாக வந்தது 1995-ல்! அதேபோல், ஸானி கிளார்க் என்ற பியானோக்காரர் 1958-ல் 'கூல் ஸ்ட்ரட்டின்' என்று ஒரு தட்டு போட்டார். அட்டையில் ஒரு பெண் நடந்து போகும் கால்கள் மட்டும் தெரியும். சொந்த நாட்டில் அவரைக் கண்டுகொள்ள ஆளில்லை. ஜப்பானில் அந்தத் தட்டு ஒவ்வொரு ரசிகர் வீட்டிலும் இருக்க வேண்டிய சாமான் ஆகிவிட்டது. பாவம், அதைப் பார்க்க அவர் இல்லை. 1963-லேயே, 31 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜப்பானிய சி.டி.க்களில் மட்டும் ஏன் ஒரு பாட்டு கூடுதலாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அங்கே உள்நாட்டில் தயாராகும் புது சி.டி.க்கு வெளியிடுகிற கம்பெனி வைத்ததுதான் விலை. கடைக்காரர் குறைத்து விற்க முடியாது. வெளிநாட்டு இறக்குமதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, மலிவாகக் கிடைக்கும். உள்ளூர்ச் சரக்கை ஜனங்கள் வாங்க வேண்டுமே! அதனால் ஒரு பாட்டு கொசுறு. கொத்தமல்லிக்குப் பெயர் அங்கே 'போனஸ் டிராக்'.

* * *

சரி, நான் எதற்கு அங்கே போனேன்?

அக்காவும் அத்தானும் நிஷி கசாயில் இருக்கிறார்கள். டோக்கியோவின் கிழக்கே, இந்தியர்கள் நிறையக் குடியிருக்கிற பேட்டை. அங்கே பத்து நாள் போய்வரக் கிளம்பியபோது பெரியப்பா ஃபோன் செய்தார். எண்பதைத் தொட்டுவிட்டவர். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். வாய் திறந்து இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"டேய், டோக்கியோ போறியாமே? ஒரு ரெக்கார்டு வேணும்டா. எல்லிங்டன். 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்'."

ஸ்வீட் என்றதும் அல்வா, ஜாங்கிரி என்று நினைக்க வேண்டாம். பல துண்டுகளைக் கோத்த ஒரு இசைமாலைக்கு அந்தப் பெயர். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1963-ல் அமெரிக்க அரசாங்கம், டியூக் எல்லிங்டனையும் அவர் கோஷ்டியையும் நல்லெண்ணப் பயணமாக டமாஸ்கஸ், காபூல், டெல்லி, கொழும்பு என்று அனுப்பிவைத்தது. அந்தப் பட்டியலில் மதராஸும் உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு யாரோ ஒரு நண்பனின் அண்ணன் மூலம் ஒரு பாஸ் கிடைத்தது. ஏற்கனவே ராத்திரி ஷார்ட் வேவில் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா'வில் வில்லிஸ் கனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியைக் கரகரப்போடு கேட்டு வளர்ந்தவர். கரகரப்பே இல்லாமல் அன்றுதான் முதலில் கேட்டாராம். "கரகரப்பு இல்லாததால முதல்ல எல்லிங்டன்னே நம்ப முடியலடா" என்பார்.

அந்தச் சுற்றுப்பயணம் பாதியில் நின்றுபோனது. நவம்பரில் கென்னடி சுடப்பட்டபோது கோஷ்டி துருக்கியில் இருந்தது. மிச்ச நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் பார்த்ததும் கேட்டதும் வீண் போகவில்லை. எல்லிங்டனும் அவருடைய வலது கை பில்லி ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து அவற்றை இசையாக எழுதி, 1966 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவு செய்தார்கள். அடுத்த வருஷம் தட்டு வந்தது. அதே வருஷம் மே மாதம் ஸ்ட்ரேஹார்ன் காலமானார்.

மொத்தம் 9 துண்டுகள். ஒன்றில் டெல்லியில் கேட்ட மைனா, கிளாரினெட்டாக வந்து கூப்பிடும். 'ஆக்ரா' என்ற ஒன்றில் தாஜ்மஹாலுக்காக ஹாரி கார்னி தன் பாரிடோன் சாக்ஸஃபோனில் உருகுவார். 'இஸ்ஃபஹான்' என்பதில் ஜானி ஹாட்ஜஸ் வாசிப்பதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்களுக்கு நெஞ்சில் ஈரம் குறைவு. வேடிக்கை என்னவென்றால், பெயர்தான் 'தூரக் கிழக்கு'. விஷயமெல்லாம் அரபு தேசம், பாரசீகம், இந்தியா! உண்மையான தூரக் கிழக்கு கடைசித் துண்டு மட்டும்தான். 1964-ல் ஜப்பான் போய்வந்ததன் விளைவு அது. 'ஆட் லிப் ஆன் நிப்பான்' என்று பெயர். பதினோரு நிமிஷத்துக்கு மேல் ஓடும். ஆரம்பத்தில் எல்லிங்டனின் பியானோ, முடிவில் ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்.

இந்தத் தட்டைப் பெரியப்பா 70-களில் மூர் மார்க்கெட்டில் வாங்கினார். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. தட்டு வீட்டில் இருந்ததால் தப்பியது. 2015 டிசம்பரில் தப்பவில்லை. முடிச்சூர் வீட்டில் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இசைத்தட்டுகள். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால் அட்டைகள் எல்லாம் கூழ். வினைல் தண்ணீரில் கெடாது. ஆனால் சேற்றில் இருக்கிற மணல் விடுமா? பெரியப்பாவும் பெரியம்மாவும் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவி, பழைய வேட்டியில் துடைத்து, கொடியில் போட முடியாத குறையாகக் காயவைத்தார்கள். பாதி பிழைத்தது. எல்லிங்டனும் பிழைத்தார். ஆனால் இரண்டாம் பக்கத்தில், கடைசித் துண்டு தொடங்கி ஒன்றிரண்டு நிமிஷத்தில் ஒரு கீறல். முள் அந்த இடத்துக்கு வந்தால் மேலே போகாது. அங்கேயே சுற்றும்.

'இதுக்கு ஏன் சார் டோக்கியோ? செல்ஃபோனிலேயே கேட்கலாமே' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நானும் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் கேட்டார். "பதினஞ்சு ஆளுங்களைத் தூக்கித் தீப்பெட்டிக்குள்ள போட்ட மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

* * *

கடையில் எல்லிங்டன் வரிசையே ஒரு ஆள் நீளத்துக்கு இருந்தது. தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். ஜப்பானிய மறுவெளியீடு, ஓபி உண்டு, அட்டைக்கு ஏ, தட்டுக்கும் ஏ. விலை 1,900 யென். ஆஹா என்று எடுத்துக்கொண்டு திரும்பினால், எதிர் அலமாரியில் அது உட்கார்ந்திருந்தது.

எல்லிங்டன் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனிக்காக 1927 முதல் 1973 வரை பதிவு செய்த அத்தனையும் அடங்கிய பெட்டி. அவருடைய நூற்றாண்டு வருஷமான 1999-ல் வந்தது. மொத்தம் 24 சி.டி.க்கள், கூடவே ஒரு புத்தகம். 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' அதற்குள்ளேயே அடக்கம். செகண்ட் ஹேண்ட் விலை 26,000 யென். பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? 26,000 வகுத்தல் 24... ஒரு சி.டி. 1,100 யென்கூட ஆகவில்லை! தட்டோ 1,900. கணக்குப்படி பெட்டிதான் லாபம். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகனும், "காசைப் பத்திக் கவலைப்படாதே, அப்பாவுக்கு எது பெஸ்ட்டோ வாங்கிடு" என்று ஏற்கனவே சொல்லியிருந்தான்.

ஒரு கையில் தட்டும், எதிரே பெட்டியுமாக நான் நிற்பதைப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கவனித்துவிட்டார். எழுபத்தைந்து வயசு இருக்கும். தொப்பி, கைத்தடி. இங்கிலீஷ் நன்றாகவே பேசினார்.

"யாருக்கு?" என்றார்.

சொன்னேன். 1963, மதராஸ், வெள்ளம், கீறல் எல்லாவற்றையும். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு, தான் வாங்க வரவில்லை, விற்க வந்திருப்பதாகச் சொன்னார். மனைவி போய்விட்டாராம். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு மாறுகிறார். தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். பெட்டிகளை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறார்.

"ஏன்?"

"பெட்டி, இடம் அடைக்காது. உட்கார்ந்த இடத்திலிருந்து பட்டனை அமுக்கலாம். தட்டு என்றால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து திருப்பிப் போட வேண்டும். முள்ளை வைக்க நடுங்காத கை வேண்டும். உங்கள் பெரியப்பாவுக்குக் கை எப்படி?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பெரியப்பாவுக்குக் காப்பி டம்ளரே தளும்புகிறது.

அதே சமயம் பெட்டியின் குறையையும் அவரே சொன்னார். பொதுவாகப் பெட்டிகளில் பாட்டுகளைப் பதிவான தேதிவாரியாக அடுக்குவார்கள். ஒரே பாட்டின் மூன்று வாசிப்புகளும் அடுத்தடுத்து வரும், நடுவில் தவறிப்போய் நிறுத்தியது உட்பட. ஆராய்ச்சிக்கு நல்லது, ஆனந்தத்துக்கு நல்லதா? தட்டு போட்டவன், எதை முதலில் வைப்பது, எதை முடிவில் வைப்பது, எதைத் தூக்கி எறிவது என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறான். "சமையல்காரர் பரிமாறியதைச் சாப்பிடுவது தட்டு. சமையலறையைப் பார்வையிடுவது பெட்டி" என்றார். இந்த விவாதம் உலகம் பூராவும் ஜாஸ் ரசிகர்களிடம் நடந்துகொண்டே இருக்கிறதாம். ஜப்பானில் 1947-லிருந்து 2010 வரை 'ஸ்விங் ஜர்னல்' என்று ஜாஸுக்கென்றே ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டுகளில் இவர் அதை விடாமல் வாங்கியவர். அதையும் விற்றுவிட்டீர்களா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

* * *

படியிறங்கி வெளியே வந்து ஃபோன் போட்டேன். அங்கே மணி பதினொன்று.

"பெரியப்பா, தட்டு இருக்கு. ஆனா 24 சி.டி. உள்ள பெட்டியும் இருக்கு. எல்லிங்டன் 46 வருஷம் வாசிச்சது எல்லாம் இருக்கு. எழுந்திருக்க வேண்டாம், ரிமோட்டிலேயே கேட்கலாம். எதை வாங்கட்டும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இருபத்துநாலா? எனக்கு என்ன வயசுன்னு நினைச்சே?"

"இல்ல பெரியப்பா, தட்டுன்னா இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து..."

"டேய், டாக்டர் என்னை மணிக்கு ரெண்டு தடவை எழுந்து நடக்கச் சொல்லியிருக்கார். அவர் சொல்லி நான் எழுந்திருக்கிறதே இல்ல. எல்லிங்டன் சொன்னா எழுந்திருப்பேன்."

"கை நடுங்குதே பெரியப்பா..."

"முள்ளை உங்க பெரியம்மா வைப்பா. வெள்ளத்துக்கு அப்புறம் அவதான் வைக்கிறா. உனக்குத் தெரியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கு எல்லாம் வேண்டாம்டா. அந்தக் கடைசிப் பாட்டு எப்படி முடியும்னு மறந்துபோச்சு. அது போதும்."

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். தட்டை என் கையிலிருந்து வாங்கி, உறையிலிருந்து உருவி, விளிம்பை மட்டும் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு விளக்குக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இரண்டாம் பக்கம், உள்வட்டத்தை ரொம்ப நேரம். "சுத்தம்" என்றார். அவருடைய கை நடுங்கவில்லை.

* * *

ஜாஸ் கிஸ்ஸா பற்றிச் சொல்லாமல் டோக்கியோவை விட்டு வரக்கூடாது. கிஸ்ஸா என்றால் காப்பிக் கடை. 50, 60-களில் இறக்குமதித் தட்டின் விலை சாமானியனுக்கு எட்டாது. கடைக்காரர் வாங்கி வைத்திருப்பார். நீங்கள் ஒரு காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் கேட்கலாம். ஊருக்கு ஒரு ரேடியோ இருந்த காலத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நாம் கூடியது போல! நாவலாசிரியர் ஹருகி முராகாமி எழுத்தாளர் ஆவதற்கு முன்பே, 1974-ல், 'பீட்டர் கேட்' என்று இப்படி ஒரு கடை நடத்தியவர்தான்.

யோகஹாமாவில் 1933-ல் 'சிகுசா' என்ற கிஸ்ஸா தொடங்கியது. யுத்தத்தின்போது ஜாஸ் எதிரியின் இசை என்று தடை. 1945 மே மாத விமானத் தாக்குதலில் கடை, சேர்த்த தட்டுகள் எல்லாம் சாம்பல். உரிமையாளர் யோஷிதா, யுத்தம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பிற்பாடு உலகப் புகழ் பெற்ற பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி இளம்பெண்ணாக அந்தக் கடையில் உட்கார்ந்து தட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பாடம் படித்தார். இதைப் படித்தபோது, மொட்டை மாடியில் வேட்டியால் தட்டு துடைத்த இரண்டு பேரை நினைத்துக்கொண்டேன்.

நான் போனது ஷின்ஜுகு பக்கம் ஒரு நிலவறைக் கடை. பத்து நாற்காலி. பீரோ அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். 'பேசக்கூடாது' என்று மேஜையில் அட்டை. நான் காப்பி சொன்னதையே கொஞ்சம் அதட்டலாகப் பார்த்தார்கள். வேண்டிய தட்டைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்; ஒரு ஆளுக்கு ஒரு பக்கம்தான். நான் என் பையில் இருந்த தட்டின் பெயரை எழுதவில்லை. அதன் முடிவைப் பெரியப்பாவுக்கு முன்னால் நான் கேட்பது முறையல்ல என்று தோன்றியது. வேறு யாரோ கேட்ட கோல்ட்ரேனைக் கேட்டுவிட்டு வந்தேன். காது இரண்டு நாள் 'ஙொய்' என்றது.

டோக்கியோ போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தட்டைச் சூட்கேஸில் போட்டு லக்கேஜில் அனுப்பாதீர்கள். துணிகளுக்கு நடுவே வைத்துக் கைப்பையில் கொண்டுவாருங்கள். கடையில் கேட்டால் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து அழகாகக் கட்டித் தருகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் அதிகாரி, "இது என்ன சார், தட்டையா?" என்றார். "இசைத்தட்டு" என்றேன். "இன்னுமா இதெல்லாம் வருது?" என்று அவர் ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கொடுத்தார்.

முடிச்சூரில் இப்போது இசைத்தட்டுகள் அலமாரியின் மேல்தட்டில். பெரியப்பா ஓபியைத் தடவிப் பார்த்தார். "இதுக்கு ஒரு சால்வை வேறயா!" என்றார் பெரியம்மா. முதல் பக்கத்தை முழுசாகக் கேட்டார். மைனா வந்தது, இஸ்ஃபஹான் வந்தது. பெரியப்பா சொன்னபடி எழுந்து நின்றார். பெரியம்மா வந்து தட்டைத் திருப்பி முள்ளை வைத்துவிட்டு, அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போனார். ஆக்ரா முடிந்தது. கடைசித் துண்டு தொடங்கியது. பியானோ... மெதுவாக, மெதுவாக... கீறல் இருக்க வேண்டிய இடமும் தாண்டிப் போனது. பெரியப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

சமையலறையிலிருந்து கரண்டியோடு பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, இன்னும் ஓடுது? எப்பவும் இந்த இடத்துல முள்ளை எடுக்க நான் வரணுமே!"